பாதி நாள் கூலியை யார் தருவது? தாராவியில் ஒரு குடும்ப அறக்கட்டளையின் அனுபவம்

மும்பை மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அறக்கட்டளை, தாராவித் தமிழ்ப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்க இறங்கியபோது நடந்ததைப் பற்றிய ஆய்வு இது. வேலை தொடங்கிச் சில ஆண்டுகள் ஆனபின், "போட்ட பணத்துக்கு என்னதான் நடந்தது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று குடும்பம் என்னைக் கேட்டது. வருகைப் பதிவேடு, கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டினார்கள். கோர்ஸை முடித்த பெண்களிடமும், பாதியில் நின்றுபோனவர்களிடமும் பேசினேன். எல்லோரும் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரும் இதில் இல்லை. தாராவியில் சந்தின் பெயரைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் சந்துகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்களுக்குக் கைத்தொழில் தெரியும். பயிற்சியில் உட்காரும் நேரத்தில் போகும் கூலியை ஈடுகட்ட ஆள் கிடையாது. கற்றதை வைத்து வேலை செய்ய வீட்டில் இடம் கிடையாது. செய்து கொடுத்த மாலுக்கு, அதாவது சரக்குக்கு, பணம் சொன்ன நாளில் வருவதில்லை. அரசுத் திட்டங்களும், கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் பணமும் இந்த மூன்றுக்கும் செலவழிப்பது அபூர்வம். ஒரு குடும்பத்தின் சொந்தப் பணத்தால் அது முடியும். இந்தக் குடும்பம் அதை உணரச் சில காலம் பிடித்தது.

சென்டர் திறந்த கதை

தாராவியின் பரப்பு இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அங்கே இருப்பவர்கள் ஆறு லட்சம் என்பாரும் உண்டு, பத்து லட்சம் என்பாரும் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் இங்கே தோல் பதனிட்டார்கள். பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-இல் தேவ்னாருக்குப் போனது. பதனிடும் கூடங்களும் காலப்போக்கில் வெளியேறின; பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் தங்கிவிட்டன. இட்லி அவித்து சைக்கிளில் வைத்து ஹார்ன் அடித்தபடி விடிகாலையில் மும்பை முழுக்கப் போகிறவர்களும், முறுக்கும் அப்பளமும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்களும், ரெடிமேட் துணிப் பட்டறைகளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களும் இந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள். வேலை இல்லாத வீட்டை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

அறக்கட்டளைக்கு வரும் பணம் குடும்பக் கம்பெனியின் பங்குகளுக்குக் கிடைக்கும் டிவிடெண்ட். எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூத்தவர் தலைவர். மகன், மருமகள், குடும்ப ஆடிட்டர் ஆகிய மூவரும் டிரஸ்டிகள். அதுவரை படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவந்தார்கள். தொழிற்பயிற்சி மகனின் யோசனை. அவர் எழுதிய குறிப்பில் 2015-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கையிலிருந்து ஒரு புள்ளிவிவரம் இருந்தது: இந்தியத் தொழிலாளர்களில் முறையான பயிற்சி பெற்றவர்கள் 4.69 சதவீதம், தென்கொரியாவில் 96 சதவீதம். 2022-க்குள் 40 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று அரசு அப்போது அறிவித்திருந்த இலக்கையும் அவர் எடுத்துக்காட்டியிருந்தார்.

அந்த 4.69 முறையாக வகுப்பில் உட்கார்ந்து கற்றவர்களின் கணக்கு. அப்பாவிடம் தோல் அறுக்கக் கற்றவரும், அத்தையிடம் முறுக்குச் சுற்றக் கற்றவரும், பட்டறையில் ஹெல்ப்பராக நுழைந்து காரிகராக, அதாவது தேர்ந்த தொழிலாளியாக, உயர்ந்தவரும் அதற்குள் வரமாட்டார்கள். அந்த எண் வழியாகப் பார்த்தால் தாராவி தொழில் தெரியாதவர்களின் ஊராகத் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், முதல் ஆண்டு எடுத்த எல்லா முடிவுகளும் இந்தப் பார்வையிலிருந்து வந்தவை.

90 அடி ரோட்டை ஒட்டி ஒரு மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். தையல், பியூட்டீஷியன், டேலி (கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுவது) என்று மூன்று கோர்ஸ். மூன்று மாதம், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, முடித்தால் சான்றிதழ். நடத்தும் பொறுப்பை வெளியே ஒரு பயிற்சி நிறுவனத்திடம் கொடுத்தார்கள். சேர்க்கை நாளில் படிக்கட்டு வரை கூட்டம். மூன்றாவது வாரத்தில் தையல் வகுப்பில் பாதி மெஷின் காலி.

டேலி வகுப்பு மட்டும் நன்றாகவே நடந்தது. அதற்கு வந்தவர்கள் பன்னிரண்டாவது முடித்த, கல்யாணம் ஆகாத பெண்கள். அவர்களில் பலருக்கு சயான், குர்லா பக்கம் பில்லிங் வேலை கிடைத்தது. இது சின்ன விஷயம் இல்லை. அறக்கட்டளை உள்ளே வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண்களில் சிலர் அடுத்த ஆண்டே நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பியிருப்பார்கள்.

தையல் வகுப்பு காலியானதற்கு "ஆர்வம் இல்லை" என்று பயிற்சி நிறுவனம் எழுதிக் கொடுத்தது. களப்பணியில் இருந்த அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாராவியிலேயே பிறந்தவர், பச்சத்கட் என்னும் பெண்கள் சேமிப்புக் குழு நடத்திப் பழகியவர். பெரியம்மாவிடம் அவர் பேசியதை இருவருமே எனக்குச் சொன்னார்கள்.

"அம்மா, விடியக்காலம் குழாயில தண்ணி வரும். பிடிச்சு வச்சு, சமைச்சு, பிள்ளைங்கள அனுப்பிட்டு உட்காரயில மணி ஒன்பதரை. அதுக்கப்புறந்தான் மால் வரும். மதியத்துக்குள்ள தாகா கட்டிங் முடிச்சுக் கொடுத்தாத்தான் அன்னைக்குக் காசு. நம்ம கிளாஸ் சரியா அந்த நேரத்துல இருக்கு."

"அப்ப சாயங்காலம் வச்சிருவோமா?"

"சாயங்காலம் பிள்ளைங்க வந்துரும், வீட்டுக்காரரு வந்துருவாரு. எந்த நேரம் வச்சாலும் ஒரு வேலைய விட்டுட்டுத்தான் வரணும்மா. விட்ட வேலைக்குக் காசு யாரு தருவா?"

தாகா கட்டிங் என்பது தைத்து வந்த சட்டையிலும் சுடிதாரிலும் தொங்கும் நூலை வெட்டி எடுப்பது. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. கண்ணும் கழுத்தும் போகிற வேலை. ஆனாலும் வீட்டை விட்டு வெளியே போகாமல் அன்றன்றைக்குக் காசு வருகிற வேலை அது ஒன்றுதான். மூன்று மாதம் அதை விட்டால், மால் கொடுக்கும் சேட் வேறு வீட்டைப் பிடித்துக்கொள்வார். கோர்ஸ் முடிந்து திரும்பும்போது பழைய வேலையும் இருக்காது.

இடம் அடுத்த சிக்கல். நன்றாகப் படித்தவர்களுக்கு விழா வைத்துத் தையல் மெஷின் கொடுத்தார்கள். அந்த மெஷின்கள் என்ன ஆயின என்று தேடிப் போனேன். ஒரு வீட்டில் அதன்மேல் டிவி இருந்தது. இன்னொன்றை ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்றிருந்தார்கள். வேறொன்று கொழுந்தன் பட்டறைக்குப் போயிருந்தது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்க வேண்டும். மெஷினை விரித்து வைக்க இடம் எங்கே? விற்றவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டுக்குள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு மெஷின் வாங்கியிருக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்த பாடமும் பொருந்தவில்லை. வகுப்பில் ஜாக்கெட், சுடிதார் என்று முழு உடுப்பைத் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பட்டறைகளில் ஜூக்கி என்னும் வேகமான தையல் மெஷினில் ஒருவர் காலர் மட்டும், இன்னொருவர் கை மட்டும் தைப்பார். வேகம்தான் கூலி. அதில் பல ஆண்டு உட்கார்ந்த பெண்களுக்கு டீச்சரைவிட மெஷின் நன்றாகத் தெரியும்.

கூலி கொடுப்பதா வேண்டாமா

வகுப்புக்கு வருபவருக்கு அன்று போகும் கூலியைக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையை அக்காதான் எழுப்பினார். டிரஸ்டிகள் கூட்டத்தில் இது நீண்ட நேரம் ஓடியிருக்கிறது. "காசு கொடுத்தா காசுக்காகத்தான் வருவாங்க" என்றார் ஆடிட்டர். மருமகள் முன்பு பேங்கில் இருந்தவர். "நான் பேங்க்ல சேர்ந்தப்ப ட்ரெய்னிங் காலத்துக்கும் சம்பளம் போட்டாங்க மாமா. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லலையே" என்றார். இந்த ஆய்வுக்காக நான் படித்த எல்லாக் குறிப்புகளிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி இது. மாதச் சம்பளக்காரருக்கு உரிமையாக இருக்கும் ஒன்று, தாகா வெட்டுகிறவருக்கு வரும்போது பேராசையாகப் பார்க்கப்படுவது நியாயமே இல்லை.

பெரியம்மா பம்பாயின் பழைய கதையை எடுத்தார். சர் ரத்தன் டாடா இன்ஸ்டிட்யூட் 1928-இல் தொடங்கியது. நவாஜ்பாய் டாடாவின் முயற்சி அது. வசதியற்ற பார்சிப் பெண்களுக்குத் தையல், எம்பிராய்டரி, சமையல் வேலை கொடுத்து, செய்த பொருளை விற்கக் கடையும் வைத்தார்கள். கேக்குக்கும் பலகாரத்துக்கும் மும்பையில் இன்றும் அதற்குப் பெயர் உண்டு. அங்கே பெண்கள் வந்தது வேலைக்கு. கற்பது அந்த வேலைக்குள்ளேயே நடந்தது. லிஜ்ஜத் அப்பளத்தின் கதையும் பக்கத்தில்தான். 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டைமாடியில் தொடங்கியது. காலையில் பிசைந்த மாவை வாங்கிப் போய், வீட்டில் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் கையோடு கூலி. யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அந்தப் பெண்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு அறக்கட்டளை இந்தக் கடைசித் தகவலைத் தள்ளிவிடாமல் கூட்டத்தில் பேசியது எனக்கு நிறைவாக இருந்தது.

ஆடிட்டரின் கவலை வேறு இடத்திலும் இருந்தது. அறக்கட்டளை வரிவிலக்கு பெற வேண்டுமானால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்திருக்க வேண்டும். மார்ச் நெருங்கும்போது எதையாவது வாங்கிக் கணக்கை நிரப்பும் பழக்கம் அறக்கட்டளைகளுக்கு வருவது இதனால்தான். தையல் மெஷின் விழாவும் ஒரு மார்ச் மாதத்தில் நடந்ததுதான். ஆனால் அப்போதைய வருமான வரிச் சட்டத்திலேயே வழி இருந்தது. இன்ன காரியத்துக்கு என்று எழுதி ஃபார்ம் 10 கொடுத்தால் ஐந்து ஆண்டு வரை பணத்தைச் சேர்த்து வைத்துச் செலவழிக்கலாம். கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவின்கீழ், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்துக்கு இவ்வளவு தாராளம் கிடையாது. நடந்துகொண்டிருக்கும் திட்டம் என்று காட்டினால் மூன்று நிதியாண்டு நீட்டிப்பு உண்டு. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. களப்பணியாளரின் சம்பளத்தை இந்த 5 சதவீதத்துக்குள் அடக்கப் பார்த்து, கடைசியில் ஆளே இல்லாமல் திட்டம் நடத்தும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். குடும்ப அறக்கட்டளைக்கு அந்தக் கட்டு இல்லை. தன்னிடம் இருப்பது காலம் என்பதை இந்தக் குடும்பம் ஃபார்ம் 10 நிரப்பிய அன்றுதான் புரிந்துகொண்டது.

முடிவு இப்படி வந்தது: வகுப்பை இரண்டு மணி நேரமாகக் குறைப்பது, வந்தவருக்குப் பாதி நாள் கூலியை அன்றே கையில் கொடுப்பது, என்ன கற்றுக்கொள்வது என்பதை வருகிறவர்கள் சொல்வது. மத்திய அரசே 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் பயிற்சி நாளுக்கு 500 ரூபாய் கொடுக்கிறது. அது வந்த பிறகு ஆடிட்டரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

வருகை நிலைத்தது. புதுச் சிக்கல்களும் வந்தன. வராத ஆளின் பெயரில் கையெழுத்துப் போட்டது ஓரிரு முறை நடந்தது. பெண்களே அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார்கள். அதைவிடப் பெரியது, பக்கத்தில் இலவசப் பயிற்சி நடத்தும் இன்னொரு அமைப்பின் வருத்தம்: "நீங்க காசு கொடுத்துப் பழக்கிட்டா எங்க கிளாஸுக்கு யாரு வருவா?" அந்த அமைப்பிடம் பணம் இல்லை; உழைப்பு இருக்கிறது. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அதற்கும் சேர்த்துக் கூலிப் பணத்தை அறக்கட்டளை கொடுக்கலாம் என்பது என் யோசனை.

முறுக்கு நோட்டு

பாடத்தை அவர்களே சொல்லலாம் என்றதும், பெரும்பாலோர் கேட்டது கணக்கு. இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பெண்ணின் நோட்டை அவர் அனுமதியோடு பார்த்தேன். நாற்பதைத் தாண்டியவர், மதினியோடு சேர்ந்து முறுக்குப் போட்டு ஒரு கடைக்குக் கொடுப்பவர். எழுதுவது ஏழாவது படிக்கும் மகள். இங்கிலீஷ் மீடியம் என்பதால் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். பத்துக் கிலோ முறுக்குக்கான ஒரு நாள் கணக்கு: அரிசி மாவு 325, உளுந்து மாவு 150, வெண்ணெயும் எள்ளும் பெருங்காயமும் 150, எண்ணெய் 350, கேஸ் 200, கவர் 100, ஆட்டோ 100. மொத்தம் 1,375. கடைக்காரர் கிலோவுக்கு 160 வீதம் 1,600 கொடுக்கிறார். கையில் நிற்பது 225. "நாளைக்கு இருநூறுக்கு மேல லாபம்" என்றுதான் அவர் வருடக்கணக்காக நினைத்திருந்தார்.

கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவர் நோட்டில் இன்னொரு பத்தியைப் போடச் சொன்னார்: என் கூலி. இரண்டு பேர், விடிகாலை தொடங்கி மதியம் தாண்டும் வரை அடுப்படியில். ஆளுக்கு 300 என்று வைத்தாலே 600. மகள் கூட்டிக் கழித்துப் பார்த்து, "அம்மா, 375 நஷ்டம்மா" என்றாள். வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு ஒவ்வொருவரும் தன் நோட்டை எடுத்து அந்தப் பத்தியைப் போட ஆரம்பித்தார்கள்.

மறுநாளே அவர் கடைக்காரரிடம் கிலோவுக்கு இருபது ரூபாய் கூட்டிக் கேட்டார். "வேணும்னா கொடு, இல்லன்னா விடு. ஆளா இல்ல?" என்று பதில் வந்தது. நியாயமான விலை தெரிந்துகொள்வதும், அதைக் கேட்டு வாங்க முடிவதும் வேறு வேறு. இந்த இடத்தில்தான் அறக்கட்டளையின் அடுத்த செலவு பயன்பட்டது. பெண்களின் பச்சத்கட்டுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, அதை அவர்களுக்குள்ளேயே சுழற்றவிட்டார்கள். அவர் அதிலிருந்து எடுத்து மாவையும் எண்ணெயையும் மொத்தமாக வாங்கினார், சொந்தமாக பேக்கிங் செய்தார், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தார். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு அன்றைய கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அது தெரியாமல் ஏஜென்ட்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள் அந்தச் சந்திலேயே இருந்தார்கள். மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து வீடுகளுக்கு நேரடியாக விற்கத் தொடங்கியபோது கிலோவுக்கு 260 கிடைத்தது. பழைய கடைக்கும் கொஞ்சம் கொடுக்கிறார். மழைக்காலத்தில் அந்தக் கடை மட்டும்தான் வாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

குடும்பக் கம்பெனியின் தீபாவளி ஆர்டரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நல்ல விலை, பெரிய அளவு. ஆனால் ஒன்றரை மாதம் ராத்திரி பகலாக வேலை, அதற்காகச் சேர்த்த ஆட்களுக்குப் பிறகு வேலை இல்லை. ஆண்டு முழுக்க மாதாமாதம் கேன்டீனுக்குக் கொஞ்சம் வாங்கினால் இதைவிடப் பலன் தரும் என்று எழுதிக் கொடுத்தேன்.

பணம் வரும் நாள்

தீபாவளிக்கு இன்னொரு கம்பெனியும் அந்த முறுக்குக்காரப் பெண்ணிடம் பலகாரம் வாங்கியது. நல்ல பெயர் உள்ள இடம். பொங்கல் கழிந்தும் பணம் வரவில்லை. எண்ணெய் வாங்கிய கடன், ஆட்களுக்குக் கூலி, எல்லாம் பச்சத்கட் பணத்திலிருந்து போனதால் அடுத்து எடுக்க வேண்டியவருக்குத் தொகை இல்லை. சீட்டுப் பிடிக்கும் தெருவில் ஒருவர் தாமதித்தால் என்ன பேச்சு வரும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் வட்டிக்கு வாங்கிக் கட்டப் போனார். அக்கா தடுத்து நிறுத்தினார்.

இங்கே உதவியது சட்டம். சிறு குறு தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் என்னும் மத்திய அரசுப் பதிவு உள்ள குறுந்தொழிலிடம் மால் வாங்கியவர், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி. இதற்கு வலு சேர்த்தது அப்போதைய வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் சேர்த்த 43பி(எச்) பிரிவு: கெடுவுக்குள் தராத தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவு இலவசம். பயிற்சியின்போதே எல்லோருக்கும் பதிவு செய்திருந்தார்கள். அறக்கட்டளையின் கணக்காளர், பதிவு எண்ணையும் பிரிவின் எண்ணையும் குறிப்பிட்டு, பில்லை இணைத்து, அந்தக் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்பினார். பணம் அந்த மாதமே வந்தது.

மூன்று மாதத் தையல் கோர்ஸைவிட அந்த ஒரு மெயில் அந்தப் பெண்ணின் தொழிலைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். இப்படி எழுதிக் கேட்க ஒரு ஆளை முழுநேரமாக வைப்பது எந்த அறக்கட்டளையின் ஆண்டறிக்கையிலும் படமாக வராது. ஆனாலும் இதற்குத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

காலாவும் சாவியும்

வீட்டில் இடம் இல்லாததற்கு விடையாக, சென்டரின் பாதியைப் பொது வேலைக்கூடமாக மாற்றினார்கள். மும்பையில் காலா என்பார்கள். ஜூக்கி மெஷின் ஆறு, ஓவர்லாக் ஒன்று, வெட்டு மேஜை ஒன்று. மணிக்கணக்கில் வாடகை கட்டி யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து தைக்கலாம். முழு மெஷினை வீட்டுக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பட்டறையில் பகல் வேலை முடித்தவர்கள் மாலையில் வந்து சொந்த ஆர்டரைத் தைத்தார்கள். பள்ளிச் சீருடை, துணிப்பை, நைட்டி என்று வேலை பெருகியது.

ஆனால் சில மாதத்தில் ஒரு விஷயம் அக்காவின் கண்ணில் பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்துச் சந்துகளைச் சேர்ந்தவர்கள். சாவி அந்தப் பக்கத்து வீடு ஒன்றில் இருந்தது. அந்த வீட்டு வாசலில் போய்ச் சாவி கேட்க மற்றவர்கள் தயாராக இல்லை. குடும்பம் தாராவித் தமிழர் என்று ஒரே கூட்டமாக நினைத்திருந்தது. தாராவிக்குள் ஆதிதிராவிடர் சந்து, நாடார் சந்து, முஸ்லிம் சந்து என்று ஊரில் இருந்த கோடுகள் பல இன்னும் அழியாமல் இருக்கின்றன. கோயிலும் சங்கமும் தனித்தனி. பச்சத்கட்டும் பெரும்பாலும் தெருவாரியாகத்தான். இதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தால், முதலில் சாவி வாங்கியவர்களின் கூடமாகவே அது நின்றுவிடும். இப்போது சாவி அறக்கட்டளை ஊழியரிடம் இருக்கிறது. இன்னொரு பக்கத்துப் பெண்கள் சிலர் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மொத்தத்தில் எண்ணிக்கை குறைவுதான். இதற்குப் பணத்தால் விரைவாகச் செய்யக்கூடியது எதுவும் எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஊழியர்களை எடுப்பது ஒரு தொடக்கம்.

எட்டாதவை

இட்லிக்காரர்களிடம் அறக்கட்டளை போனபோது அவர்கள் பயிற்சி கேட்கவில்லை, லைசென்ஸ் கேட்டார்கள். தெரு வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. 2020 ஜூனில் வந்த ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாயும் பலருக்குக் கிடைத்தது. நின்று விற்க உறுதியான இடம்தான் இன்னும் கிடைக்கவில்லை. இதில் அறக்கட்டளை செய்ய முடிந்தது விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது மட்டும். அவர்களின் பிள்ளைகள் டெலிவரி வேலைக்குப் போகிறார்கள். விடிகாலை மூன்று மணி அடுப்பை விட்டு அவர்கள் போவதை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

தோல் பட்டறைகளுக்கு டிசைன் வகுப்பு வைத்தது சரிவரவில்லை. 2015-இல் மகாராஷ்டிராவில் காளை, எருது வெட்டுவதற்கும் தடை வந்தபின் தோல் வரத்தும் விலையும் ஆட்டம் கண்டன. பலர் ரெக்சினுக்கு மாறிவிட்டார்கள். அழகான புதுப் பைகள் செய்தார்கள். மொத்தமாக வாங்க ஆள் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டம் நிற்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே எங்கோ, வேறு விதிகளில். காலா இருப்பது மாடி, அதுவும் வாடகை. முறுக்குப் போடும் பெண்ணின் வீடும் மாடிதான். "வீடு எங்க கொடுத்தாலும் போயிரலாம், அடுப்ப எங்க வைக்க?" என்று அவர் கேட்டார். 350 சதுர அடிக் குடியிருப்பில் பத்துக் கிலோ முறுக்குப் போட விடுவார்களா என்ற கேள்விக்கு டிரஸ்டிகளிடமும் பதில் இல்லை.

எழுதிக் கொடுத்தது

நான் கொடுத்த அறிக்கையில் நான்கு விஷயம் கேட்டிருந்தேன். சான்றிதழ் எண்ணிக்கையை இலக்காக வைப்பதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதில், பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டு நோட்டில் "என் கூலி" பத்தியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காலா வாடகையைப் பத்து ஆண்டுக்கு உறுதி செய்ய வேண்டும். மணிக்கட்டணத்தில் மின்சாரச் செலவு வருகிறது, வாடகை வராது, வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பாக்கி வசூலுக்கும் பதிவுகளுக்கும் ஒரு முழுநேர ஆள் வேண்டும். டிரஸ்டிகளில் ஒருவர் தாராவிப் பெண்ணாக இருக்க வேண்டும்.

மகனுக்கு இதே மாதிரியை மும்பையிலேயே இருக்கும் கோவண்டிக்கும் கொண்டுபோக ஆசை. அவசரப்பட வேண்டாம் என்கிறார் பெரியம்மா. நான் பெரியம்மா பக்கம். கோவண்டிக்கு அங்கேயே பிறந்த ஒரு அக்கா கிடைக்கும்வரை போகக் கூடாது.

சான்றிதழ் இலக்கை விட்டுவிட்டார்கள். வசூல் ஆளை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். டேலி முதல் பேட்ச்சில் படித்த பெண் அவர். காலாவுக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் என்னும் வாடகை ஒப்பந்தம் இப்போதைக்கு மூன்று ஆண்டுக்குப் போட்டிருக்கிறார்கள். நான்காவது பரிந்துரை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. களப்பணி அக்காவின் பெயரை மருமகள் முன்மொழிந்திருக்கிறார். ஆடிட்டர் டிரஸ்ட் பத்திரத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.